க்ளம்பர் ஸ்பானியல் வேலைக்கு ஆகுமா? ஷூட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள்

வொர்க்ஸாப்_குமரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாட்டிங்கம்ஷயரில் வொர்க்ஸாப் பக்கம் குடியிருக்கிறேன். மூன்று வருடமாகச் சனிக்கிழமைகளில் பக்கத்து ஊர் ஷூட் (பறவை வேட்டை) ஒன்றுக்கு பீட்டராகப் போய்வருகிறேன், அதாவது வரிசையாக நின்று குச்சியால் புதரைத் தட்டிக்கொண்டே ஃபெசன்ட்டுகளை (கோழி ஜாதிக் காட்டுப் பறவை) துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் பக்கம் கிளப்பிவிடும் வேலை. கூலி என்று பெரிதாக ஒன்றுமில்லை, சாயங்காலம் ஒரு ஜோடிப் பறவையைக் கையில் கொடுப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மிளகு வறுவல். இதுவரை என் கையில் குச்சி மட்டும்தான். போன சீசனிலிருந்து நமக்கென்று ஒரு நாய் இருந்தால் என்ன என்று ஆசை தொற்றிக்கொண்டது.

க்ளம்பர் பார்க் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அங்கே இரண்டு மைல் நீளத்துக்கு லைம் மரச் சாலை இருக்கிறதே (எலுமிச்சை இல்லை, அது வேறு மரம், நானும் முதல் வருடம் காய் தேடியவன்தான்), அதில்தான் மகள் சைக்கிள் பழகினாள். அந்த ஊர்ப் பேரிலேயே ஒரு நாய் இனம் இருக்கிறது என்பதே எனக்குப் போன டிசம்பரில்தான் தெரியும். வேறொரு ஷூட்டுக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். அங்கே ஒருவரிடம் ஒரு க்ளம்பர். உடம்பு முழுக்க வெள்ளை, காதிலும் கண்ணைச் சுற்றியும் எலுமிச்சை நிறத்தில் திட்டு, பானை மாதிரித் தலை, கல்யாணச் சாப்பாடு முடித்த பெரியப்பா நடையில் வருகிறது. கீப்பர் (வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவர்), 'அது எழுந்து வருவதற்குள் சீசன் முடிந்துவிடும்' என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் வாய்க்கால் ஓரத்தில் ஸ்ப்ரிங்கர் ஸ்பானியல்கள் இரண்டு முறை ஓடிப் பார்த்துவிட்டு வந்த இடத்தில் அது மெதுவாக நுழைந்து இரண்டு பறவைகளைக் கிளப்பியது. அன்றிலிருந்து மனசில் அதுதான்.

என் நிலவரம்: வயது 46, இடது முழங்கால் சரியில்லை, வாரநாளில் ஆஸ்பத்திரி ஷிஃப்ட். சீசனுக்குப் பதினைந்து நாள் பீட்டிங், மற்றபடி நண்பர் ஒருவரின் அறுபது ஏக்கர் பண்ணையில் நானும் அவரும் நடந்துபோய் முயல், புறா, எப்போதாவது ஒரு ஃபெசன்ட். வீட்டில் மனைவி, ஏழு வயது மகள், சின்னத் தோட்டம். க்ளம்பர் உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை நாய் அழகுப்போட்டி ஷோ ரிங்கில் நிற்க மட்டும்தானா? வைத்திருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஸ்ப்ரிங்கர்_பித்தன்:

குமரன், நேராகச் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். வேலை செய்யும் பரம்பரையில் வந்த காக்கர் ஸ்பானியல் ஒன்று வாங்குங்கள், இரண்டு வருடத்தில் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

க்ளம்பர் வேலையே செய்யாது என்று சொல்லமாட்டேன். யார்க்ஷயரில் பத்து வருடமாக வரிசையில் நடக்கிறேன், இதுவரை மூன்று க்ளம்பர் பார்த்திருக்கிறேன். ஒன்று நன்றாக வேலை செய்தது, ஒன்று தூங்கியது, மூன்றாவது மத்தியானச் சாப்பாட்டுக் கூடை எந்த வண்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. மூன்றுக்கு ஒன்று தேறும் சீட்டில் பணம் போடுவீர்களா?

விஷயம் எண்ணிக்கை. வருடத்துக்கு 300 குட்டிகூடப் பதிவாகாத உள்நாட்டு இனங்களுக்கென்று கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமைப்பு) ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, க்ளம்பர் அதில் நிரந்தர உறுப்பினர். சஸெக்ஸ், ஃபீல்டு, ஐரிஷ் வாட்டர் ஸ்பானியல்களும் அங்கேதான். பிறக்கிற அந்தக் கொஞ்சத்திலும் பெரும்பாலானவை ஷோ வீடுகளில் பிறப்பவை. அப்பா அம்மா இரண்டுமே சீசன் முழுக்க முள்ளில் இறங்கி வேலை செய்த ஜோடிக்குப் பிறந்த குட்டி வேண்டும் என்றால் வரிசையில் நின்று காத்திருக்க வேண்டும். ஸ்ப்ரிங்கரோ காக்கரோ என்றால் இந்த வாரமே பத்து ஈடு பார்த்து வரலாம், தாய் தகப்பன் தாத்தா எல்லாம் ஃபீல்டு ட்ரையலில் (வேட்டை நாய்களுக்கான களப் போட்டி) ஜெயித்தவை.

அப்புறம், முதல் நாய் வாங்குபவருக்குத் தப்பு செய்ய இடம் வேண்டும். காக்கர் நம் தப்பையும் தாண்டி வேலை செய்யும். அபூர்வ இனத்தில் பயிற்சி சொல்லித்தரவே ஆள் கிடைக்காது, 'இது சரியா, இப்படித்தான் இருக்குமா' என்று கேட்கப் பக்கத்தில் ஒரு வீடு இருக்காது.

நார்ஃபோக்_மீனா:

பித்தன் அண்ணா சொன்ன மூன்றாவது நாய் என்னுடையதாக இருக்க வாய்ப்பில்லை, ஆனால் குணம் பொருந்துகிறது.

நான் ஒரு க்ளம்பர் பெட்டை வைத்திருக்கிறேன், வயது ஆறு, 27 கிலோ. பெயர் பஞ்சு. இங்கே இருப்பவர்கள் எல்லோரும் 'பஞ்ச்' என்றுதான் கூப்பிடுகிறார்கள், ஏதோ குத்துச்சண்டைப் பெயர் என்று நினைப்பு, நானும் திருத்துவதை விட்டுவிட்டேன். நான்கு சீசன் முடித்திருக்கிறோம், பாதி நாள் பீட்டிங், பாதி நாள் நானும் கணவரும் துப்பாக்கியோடு வேலி ஓரமாக நடப்பது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். க்ளம்பரை மெதுவான ஸ்ப்ரிங்கர் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஸ்ப்ரிங்கர் காற்றைக் கிழித்துக்கொண்டு இடமும் வலமுமாகத் தைத்துக்கொண்டே போகும், பரப்பை முடிக்கும். க்ளம்பர் புதரைப் படிக்கும். தலை கீழே, வால் ஒரே தாளத்தில், ஒரு முட்புதரை முடிக்காமல் அடுத்ததுக்கு நகராது. அதன் வேகம் நாம் நடக்கும் வேகம், அதனால் நான் விசில் ஊதுவதே குறைவு. ஸ்பானியல் என்றால் துப்பாக்கி எட்டும் தூரத்துக்குள் வேலை செய்ய வேண்டும், இருபது முப்பது கஜம் தாண்டிப் பறவையைக் கிளப்பினால் யாருக்கும் பயனில்லை. வேகமான நாயை அந்த வட்டத்துக்குள் பிடித்துவைக்க ஜனங்கள் இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். பஞ்சு பிறந்ததிலிருந்தே அந்த வட்டத்தை விட்டுப் போனதில்லை, போகச் சோம்பல்.

போன ஜனவரிக் கடைசி. ஃபெசன்ட் சேவல் மட்டும் சுடும் நாள். உங்களுக்கே தெரியும், அந்தச் சமயம் மிஞ்சியிருக்கும் சேவல்கள் நான்கு மாதம் உயிரோடு தப்பித்த கிழட்டுத் திருடர்கள், பறக்கவே பறக்காது, ஓடும், இல்லாவிட்டால் கல் மாதிரிப் பதுங்கும். வயல் மூலையில் ஒரு பிளாக்பெரி முட்புதர், ஒரு கார் அளவு இருக்கும். இரண்டு ஸ்ப்ரிங்கர்கள் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வந்தன, வரிசை நகர்ந்துவிட்டது. பஞ்சு நகரவில்லை. நான் கூப்பிட்டேன், காது கேளாதது போல நின்றது (இதில் அது கைதேர்ந்தது). அப்புறம் மூக்கை முள்ளுக்கு அடியில் கொடுத்து, தோளால் தள்ளித் தள்ளி உள்ளே போனது, வெளியே பின்பக்கம் மட்டும் தெரிகிறது, அந்தக் குட்டை வால் முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு நின்றுவிட்டது. குரல் இல்லை, க்ளம்பர் குரைத்துக்கொண்டு வேலை செய்யாது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும். எதிரே நின்ற பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். சட்டென்று முள் வெடித்த மாதிரி ஒரு சத்தம், சேவல் நேர் மேலே எழும்பியது, வாலில் இரண்டு இறகு இல்லை. இரண்டு இறகும் பஞ்சுவின் உதட்டில் ஒட்டியிருந்தன.

இதே மெதுவான நடைக்குக் கீப்பர்களிடம் இன்னொரு மதிப்பும் உண்டு, சிரிப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். டிரைவின் (பறவைகளை விரட்டும் ஒரு சுற்று) கடைசியில், காட்டு விளிம்பில், நூறு பறவைகள் குவிந்து நிற்கும்போது படபடப்பான நாய் ஒன்று உள்ளே பாய்ந்தால் நூறும் ஒரே நேரத்தில் எழும்பும், துப்பாக்கிக்காரர்கள் இரண்டு குண்டு சுட்டுவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பார்கள், டிரைவ் முடிந்தது. அந்த இடத்தில் எங்கள் கீப்பர் ஸ்ப்ரிங்கர்களையெல்லாம் கயிற்றில் கட்டச் சொல்லிவிட்டு 'பஞ்சை விடுங்கள்' என்பார். ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று சொட்டுச் சொட்டாக எழுப்பும். இதை நான் பழக்கவில்லை, அதன் சுபாவம்.

இனி குறைகள். ஒன்றையும் மறைக்கவில்லை.

பதினெட்டு மாதம் வரை அது நாயா மெத்தையா என்றே தெரியவில்லை. ஸ்ப்ரிங்கர் குட்டிகள் டம்மி (பறவைக்குப் பதில் எறிந்து பழக்கும் பொதி) எடுத்து ஹப் சொன்னால் உட்கார்ந்து ஊரே கைதட்டும் வயதில் இது வண்ணத்துப்பூச்சி பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டரை வயதில் ஒரு நாள் திடீரென்று மண்டைக்குள் விளக்கு எரிந்தது. அதுவரை பொறுமை இல்லாதவர்கள் விற்றுவிடுகிறார்கள்.

டம்மி மூன்று முறை எறியலாம். நான்காவது முறை உங்களைப் பார்த்துவிட்டு உட்காரும், 'அவ்வளவு வேண்டும் என்றால் எறியாமல் இருந்திருக்கலாமே' என்கிற பார்வை. அதட்டினால் இன்னும் மோசம், இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருக்கும். தினம் பத்து நிமிடம், விதவிதமாக, முடிந்தவரை நிஜ வாசனையோடு. அப்படித்தான் கற்றுக்கொண்டது.

முள்வேலி. இதை யாரும் சொல்லமாட்டார்கள். காக்கரை ஒரு கையால் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போடலாம். ஈர மண் அப்பிய 27 கிலோவைத் தூக்கிப் பாருங்கள், அதுவும் உங்கள் முழங்காலோடு. ஆண் என்றால் 30, 34 கிலோ. கரை செங்குத்தான வாய்க்காலிலிருந்து நான் அதைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றிய நாட்கள் உண்டு.

வெயில் ஆகாது. செப்டம்பரில் கௌதாரி நாட்கள் சில சமயம் நல்ல சூடாக இருக்கும், அன்று பஞ்சு வீட்டில். முடி கொட்டுவது வருடத்தில் 365 நாள். எச்சில். தின்னக் கிடைத்ததையெல்லாம் விழுங்குவது, ஒரு முறை காதுறை ஒன்றை விழுங்கி ஆபரேஷன் வரை போய் நின்றோம்.

ஊசி_டாக்டர்:

நான் கால்நடை மருத்துவர், துப்பாக்கி தொட்டதில்லை, ஆனால் இந்த இனம் மேஜைக்கு வரும்போது பார்ப்பவன். மீனா விட்டதை மட்டும் சொல்கிறேன்.

பி.டி.பி.1 குறைபாடு. க்ளம்பருக்கும் சஸெக்ஸுக்கும் பரம்பரையாக வரும் நோய். சர்க்கரையிலிருந்து சக்தி எடுக்கும் வழியில் ஒரு நொதி வேலை செய்யாது, அதனால் கொஞ்சம் ஓடினாலே ரத்தத்தில் அமிலம் ஏறி நாய் சுருண்டு உட்கார்ந்துவிடும். பார்ப்பவர்கள் 'சோம்பேறி இனம், அப்படித்தான்' என்று விட்டுவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து. அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் கோளாறான மரபணு வந்தால்தான் நோய் வரும், ஒரு பக்கம் மட்டும் என்றால் நாய் சுகமாகவே இருக்கும், ஆனால் குட்டிக்குக் கடத்தும். டிஎன்ஏ பரிசோதனை இருக்கிறது. இரண்டு பெற்றோரின் ரிப்போர்ட்டையும் கேளுங்கள், இரண்டில் ஒன்றாவது சுத்தமாக இருக்க வேண்டும். காட்டத் தயங்கினால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இடுப்பு மூட்டு. இங்கே எக்ஸ்ரே எடுத்து இரண்டு இடுப்புக்கும் சேர்த்து 0 முதல் 106 வரை மதிப்பெண் போடுகிறார்கள், குறைய இருப்பதுதான் நல்லது. இந்த இனத்தின் எண்கள் பெருமைப்படும்படி இல்லை. ஆகவே இனத்தின் நடுமட்டத்தைவிடக் குறைவாக உள்ள பெற்றோரைத் தேடுங்கள்.

கண். கீழ் இமை தொங்கி உள்சிவப்பு தெரிந்தால் ஷோவில் 'சோகமான அழகு' என்பார்கள். முட்புதரில் அது புல்விதையும் மண்ணும் சேர்க்கும் பை. 2012-இல் கிரஃப்ட்ஸ் என்ற பெரிய நாய் ஷோவில், உடல்நலக் கவலை உள்ள இனங்கள் என்று குறித்த பதினைந்தில் ஜெயித்த நாய்களை மருத்துவர்கள் தனியாகப் பார்த்தார்கள், ஆறு இனங்கள் தேறவில்லை, க்ளம்பர் அதில் ஒன்று. அப்போது பெரிய சண்டை. அதன் பிறகு வளர்ப்பவர்கள் பலர் திருந்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், இப்போது வருகிற கண்கள் முன்பைவிட இறுக்கமாக இருக்கின்றன. வேலைக்கு வாங்குபவர் தாயின் கண்ணைப் பார்த்தாலே போதும், பாதி முடிவு தெரிந்துவிடும்.

எடையைக் கட்டுங்கள். விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். 'க்ளம்பர் என்றால் குண்டாகத்தான் இருக்கும்' என்பது சாப்பாடு போடுபவர்கள் கட்டிய கதை.

ராஜபாளையம்_கண்ணன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடித்துவிடும், இந்த நாய் பிடிக்கவே பிடிக்காதா? பறவையை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ளுமா? அப்புறம் என்ன வேட்டை நாய்? இங்கே ஒன்று வளர்க்கலாமா?

நார்ஃபோக்_மீனா:

கண்ணன் தம்பி, உங்கள் ஊர் நாய் பார்த்து ஓடும் நாய். ஸ்பானியல் மோப்பத்தில் கண்டுபிடித்து எழுப்பும் நாய், பறவை எழும்பியதும் அங்கேயே உட்கார வேண்டும், ஏனென்றால் அடுத்த நொடி அதன் தலைக்கு மேல் சுடுகிறார்கள். விழுந்த பறவையை, எடுத்து வா என்று நாம் சொன்ன பிறகு போய்ப் பல் படாமல் வாயில் ஏந்தி வர வேண்டும். துரத்திப் பிடித்தால் அன்றைக்கே வேலை போய்விடும். ராஜபாளையம் வெயிலுக்கு க்ளம்பரா, தயவுசெய்து வேண்டாம், ஏசி அறையில் கிடந்து செத்துப்போகும். இந்தியாவில் வேட்டையும் 1972 சட்டத்தோடு முடிந்தது, அதற்கு அங்கே வேலையும் இல்லை.

பழைய_ஏடு:

கேள்விக்கு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் வொர்க்ஸாப்காரர் கேட்டதால் வாயை அடக்க முடியவில்லை.

இந்த நாய் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பயந்து நோவாய் பிரபு தன் நாய்ப்பட்டியை க்ளம்பருக்கு, நியூகாசில் பிரபுவிடம் அனுப்பியதால் வந்தது என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். கதை அழகாகத்தான் இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. புரட்சி 1789. பிரான்சிஸ் வீட்லி 1788-இலேயே நியூகாசில் பிரபு ஷூட்டிங் முடித்துத் திரும்புவதை வரைந்துவிட்டார், பக்கத்தில் இதே சாயல் நாய்கள் நிற்கின்றன, கூட இருக்கும் கீப்பர் வில்லியம் மான்செல். இனத்தை நிலைப்படுத்தியவர் என்று அந்த மான்செலைத்தான் சொல்வார்கள். ஓவியத்தில் இருக்கும் நாய்களைப் பாருங்கள், இன்றைய ஷோ நாயைவிட மெலிந்தவை, கால் நீளம்.

அப்புறம் பித்தன் சாருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்தில் ஸ்பானியல்களுக்கு நடந்த முதல் ஃபீல்டு ட்ரையல் 1899 ஜனவரியில், டெர்பிஷயர் சட்டன் ஸ்கார்ஸ்டேலில், வில்லியம் ஆர்க்ரைட் பண்ணையில். குமரன் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம் இருக்கும். ஜெயித்தது ஸ்ப்ரிங்கர் இல்லை, பீச்க்ரோவ் பீ என்கிற க்ளம்பர். ஸ்ப்ரிங்கரை கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றதே 1902-இல்தான். சாண்ட்ரிங்ஹாமில் ஏழாம் எட்வர்டும் ஐந்தாம் ஜார்ஜும் வைத்து வேலை வாங்கியது க்ளம்பர்தான். பிறகு ட்ரையல்கள் வேகத்துக்கும் துடிப்புக்கும் மார்க் போட ஆரம்பித்தன, மெதுவானவன் வீட்டுக்குப் போனான், போனவனை ஷோக்காரர்கள் தடியாக்கினார்கள். 1991-இல் கிரஃப்ட்ஸில் ஒட்டுமொத்தப் பரிசே க்ளம்பர் வாங்கியது, 1996-இல் அமெரிக்காவில் வெஸ்ட்மின்ஸ்டர் ஷோவிலும். அதைப் பார்த்து வாங்கியவர்கள் யாரும் முள்ளில் இறக்கியிருக்கமாட்டார்கள்.

சஸெக்ஸ் ஸ்பானியலையும் யோசியுங்கள், 23 கிலோதான், தூக்கலாம். ப்ரைட்லிங் பக்கம் ரோஸ்ஹில்லில் ஃபுல்லர் என்பவர் 1795 வாக்கில் தொடங்கிய வளர்ப்பு, இரண்டாம் உலகப்போரில் அழியாமல் ஜாய் ஃப்ரீர் என்ற அம்மா காப்பாற்றிக்கொடுத்தது. ஒரே விஷயம், அது வாசனை பிடித்ததும் குரல் கொடுக்கும். அடர்ந்த புதருக்குள் நாய் எங்கே என்று தெரிய அந்தக் காலத்தில் அது வசதி. இன்றைய வரிசையில் நின்று கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஸ்ப்ரிங்கர்_பித்தன்:

1899-இல் ஜெயித்ததற்கு இன்று குட்டி வாங்கச் சொல்கிறீர்களா ஏடு சார்? அந்தக் கணக்கில் நானும் குதிரை வண்டியில்தான் ஆபீஸ் போக வேண்டும்.

மீனா சொன்ன டிரைவ் கடைசி விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், என் நாயே இரண்டு முறை அந்தப் பாவத்தைச் செய்திருக்கிறது, கீப்பர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. ஆனாலும் பறவை குறைவாக, இடம் பரந்து கிடக்கிற நாளில் க்ளம்பர் பாதி வயலுக்கு மேல் முடிக்காது. கரும்புத்தோட்டம் மாதிரி உயரமாக, அடர்த்தியாக நிற்கும் மக்காச்சோளக் கீற்றில் ஆறு மணி நேரம் வேலை என்றால் மூன்றாவது மணியில் மூச்சு வாங்கும். குமரன், அந்தப் பதினைந்து பீட்டிங் நாளும் எப்படிப்பட்ட இடம்? காடா, திறந்த வயலா? அதைச் சொல்லாமல் நாங்கள் எல்லோரும் காற்றில் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

வொர்க்ஸாப்_குமரன்:

இவ்வளவு பதிலா! எல்லோருக்கும் நன்றி. ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் படித்தேன்.

பித்தன் சார், எங்கள் ஷூட் சின்னது. ஆறு சின்னக் காடுகள், அடியில் முழுக்க முள்ளும் பிராக்கன் பெரணியும், மக்காச்சோளம் ஒரே ஒரு கீற்று. ஒரு நாளைக்கு ஐந்து டிரைவ். நண்பர் பண்ணை முழுக்க வேலிப்புதரும் வாய்க்காலும், இரண்டு பேரும் நின்று பேசி நின்று பேசித்தான் நடப்போம், வேகமான நாய் எங்களை விட்டுவிட்டு அடுத்த மாவட்டம் போய்விடும்.

இன்னும் இரண்டு கேள்வி. வாலை வெட்டுவது சட்டப்படி சரியா? வேலை செய்யும் நாய்களைப் பார்க்க எங்கே போவது? ஷோவுக்குப் போய் என்ன பயன்?

நார்ஃபோக்_மீனா:

நீங்கள் சொன்ன இடம் என்றால் க்ளம்பர் சரி. திறந்த வயல் என்று சொல்லியிருந்தால் பித்தன் அண்ணா பக்கம் சாய்ந்திருப்பேன்.

வால்: இங்கிலாந்தில் ஸ்பானியல் எதுவானாலும் வேலைக்குப் போகும் குட்டி என்றால் ஐந்து நாள் வயது முடிவதற்குள் மருத்துவர் வெட்டலாம், வேலைக்குத்தான் என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும், சிப் போட வேண்டும். வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் விதி வேறு. வால் வெட்டிய நாயை டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ஷோவில் நிறுத்த முடியாது, 2007 ஏப்ரலுக்குப் பிறகு அப்படி. ஆகவே ஈட்டைப் பார்க்கப் போகும்போது வாலே உங்களுக்கு ஒரு தகவல்: குட்டிகள் எல்லாவற்றுக்கும் வால் முழுசாக இருந்தால் வளர்ப்பவர் ஷோவை மனதில் வைத்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், வெட்டப் பிடிக்காமல் விடும் வேலை நாய் வளர்ப்பவர்களும் உண்டு, பஞ்சுவின் அக்காவுக்கு முழு வால், சீசன் முடியும்போது நுனி ரத்தமாகத்தான் இருக்கும்.

எங்கே பார்ப்பது: வேலை செய்யும் க்ளம்பர்களுக்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது, அவர்கள் பயிற்சி நாட்கள் நடத்துகிறார்கள், நாய் இல்லாமலும் போய் நிற்கலாம். ஸ்ப்ரிங்கரும் காக்கரும் தவிர்த்த மற்ற ஸ்பானியல்களுக்குத் தனியாக ஃபீல்டு ட்ரையல் நடக்கிறது, அதில் ஒரு நாள் போய் நின்றால் க்ளம்பர், வெல்ஷ் ஸ்ப்ரிங்கர், ஃபீல்டு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடலாம். குட்டியை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், எட்டு வாரத்தில் எல்லாக் க்ளம்பர் குட்டியும் கொழுக்கட்டைதான், பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள். தாய் முள்ளுக்குள் போவதைக் கண்ணால் பாருங்கள். போகச் சொல்லிக் கேட்கும்போது வளர்ப்பவர் 'இன்று ஈரமாக இருக்கிறது' என்றால் முடிந்தது.

வேலி தூக்கும் விஷயத்துக்குப் பெட்டையாக வாங்குங்கள்.

ஸ்ப்ரிங்கர்_பித்தன்:

ஆறு சின்னக் காடு, அடியில் முள், ஐந்து டிரைவ். சரி, வாயை மூடிக்கொள்கிறேன். பாதி. ஒரு நாள் உங்கள் வரிசைக்கு என் காக்கரைக் கொண்டுவருகிறேன், இரண்டையும் ஒரே புதரில் விட்டுப் பார்ப்போம்.

வொர்க்ஸாப்_குமரன்:

வாருங்கள் சார், சாப்பாடு நம் வீட்டில்.

லிங்கன்ஷயரில் ஒருவரிடம் பேசினேன். தாய்க்கு ஐந்து வயது, இந்த சீசன் இருபது நாள் வேலை செய்திருக்கிறதாம், இரண்டு பக்கமும் பி.டி.பி.1 சுத்தம், இடுப்பு ரிப்போர்ட் அனுப்பினார், டாக்டருக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். குட்டி வருவது கோடையில்தான். அதற்கு முன்னால் ஃபெசன்ட் சீசன் பிப்ரவரி 1-ஆம் தேதி முடிகிறதே, அதற்குள் ஒரு நாள் வந்து தாய் வேலை செய்வதைப் பார்க்கச் சொன்னார். இந்தச் சனிக்கிழமை போகிறேன். மனைவியும் மகளும் வருகிறார்கள். மகள் இப்போதே பெயர் வைத்துவிட்டாள், கேட்டால் சிரிப்பீர்கள், அப்புறம் சொல்கிறேன்.

நார்ஃபோக்_மீனா:

போகும்போது கருப்பு பேன்ட் போடாதீர்கள்.

ஊசி_டாக்டர்:

ரிப்போர்ட் பார்த்தேன் குமரன். இடுப்பு தாய்க்கு நன்றாக இருக்கிறது, தகப்பனுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம், மறுபக்கம் குறைவு. வளர்ப்பவரிடம் தகப்பனின் முந்தைய ஈட்டுக் குட்டிகளுக்கு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சனிக்கிழமை தாயின் கண்ணைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், வேலை முடிந்து வந்த பிறகு, கழுவுவதற்கு முன்னால்.